ஆட்டுக்கு வைத்த கேமரா

முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பில் புத்தகத்தைத் தவிர வேறு எதிலும் எழுதிப் பழக்கமில்லை. நேரில் நாலு பேர் நின்றாலே பேச்சு வராது. நீங்கள் எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுத எனக்கு என்ன தகுதி என்று பல நாள் தள்ளிப்போட்டேன். இந்தச் சம்பவத்தில் வருகிற ஒருவர், "நீங்க எழுதித்தான் ஆகணும்" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் தாமிரபரணியில் பெரிய வெள்ளம் வந்ததே, அந்த நாட்களில் மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. நான் அங்கே வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஹார்ன், ஹெட்லைட், செல்ஃப் மோட்டார் என்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இதே வேலைதான்.

வெள்ளத்துக்குப் பத்து நாள் முன்பு எங்கள் தெரு பாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். துபாயில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். அப்போதுதான் புதிதாக ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கியிருந்தார். எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் எலெக்ட்ரிக் கார். சத்தமில்லாமல் வரும். பின்னால் வந்து நின்றால்கூடத் தெரியாது. தெருவில் பாதிப் பேர் அதற்குப் பயந்தார்கள், மீதிப் பேர் அதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

ஆடம்பரத்துக்கு வாங்கிய வண்டி இல்லை அது. பாய்க்கு ஓர் அக்கா. அவர்கள் வழக்கப்படி லாத்தா என்பார், நாங்களும் அப்படியே கூப்பிடுவோம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். நுரையீரல் கெட்டுப்போய், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷினோடுதான் அவருக்கு ராத்திரியும் பகலும். அந்த மெஷின் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர். அதுவும் தீர்ந்தால்?

"வண்டி இருக்கு வே," என்றார் பாய். "இதுல இருந்து கரண்ட் எடுக்கலாம். அதுக்குன்னே ஒரு பிளக் குடுத்திருக்கான். வீடே ரெண்டு நாளு ஓடும். லாத்தாவுக்காகத்தான் இந்த வண்டியவே பாத்து வாங்குனேன்."

என்னைக் கூப்பிட்டது அதற்கல்ல. பானட்டில் கீறல் விழுந்திருந்தது. இரண்டு வீடு தள்ளி ஒருவர் ஆறு ஆடு வைத்திருக்கிறார். அவருடைய ஆடுதான் ஏறுகிறது என்று பாய்க்குச் சந்தேகம். நான் போய் நின்றபோது வாசலில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

"ஏலே, ஒன் ஆடுதாம்லே என் வண்டி மேல ஏறி நிக்குது!"

"எல்லா ஆட்டுக்கும் நாலு காலுதான் பாய். இது என் ஆட்டுக் காலுன்னு கீறல்ல பேரா எழுதியிருக்கு?"

"எழுதத்தாம்லே போகுது. கேமரா வைக்கேன், பாரு."

அதற்குத்தான் காருக்குள்ளிருந்து முன்பக்கம் பார்க்கிற டேஷ் கேமரா. வண்டி ஓடும்போது மட்டுமல்ல, நிறுத்தியிருக்கும்போதும் கண் விழித்திருக்க வேண்டும், எதிரே எது அசைந்தாலும் படம் பிடிக்க வேண்டும் என்றார்.

பாய் வீட்டு முன்னால் தகரக் கொட்டகை. அதன் கீழேயே வேலையை ஆரம்பித்தேன். பானட்டைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே எஞ்சின் இல்லை. நான் பிழைத்த பிழைப்பில் எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை. கட்டை விரல் தண்டியில் ஆரஞ்சு நிற வயர்கள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போயின.

"அந்த ஆரஞ்சுல மட்டும் கை வச்சிராதியும். தொட்டா நேரா மேலதான்னு கம்பெனிக்காரன் சொல்லிருக்கான்" என்றார் பாய். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஒரு மூலையில் மட்டும் பழகின முகம் தெரிந்தது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. எல்லாக் காரிலும் இருப்பதுதான், கொஞ்சம் சின்னது. கதவுப் பூட்டு, விளக்கு, ஹார்ன் எல்லாம் அதில்தான். கேமராவுக்கும் லைன் அங்கிருந்து வருகிற பியூஸ் பெட்டியில்தான் எடுக்க வேண்டும். அப்பாடா என்றிருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் கேமராவை ஒட்டினேன். வயரைக் கூரைத் துணிக்குள் சொருகி, கதவோர ரப்பருக்குள் இறக்கி, பியூஸ் பெட்டி வரை கொண்டுவந்தேன். வயர் ஒரு இடத்திலும் வெளியே தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கேமராவுக்கும் பியூஸுக்கும் நடுவில் ஒரு குட்டி டப்பா வரும். பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் கேமராவை அணைத்துவிடும். எந்த அளவில் அணைக்க வேண்டும் என்று வைக்க அதில் ஒரு சின்ன சுவிட்ச், மூன்று குறிகள்.

பெட்ரோல் வண்டிகளில் நான் எப்போதும் கீழ்க் குறியில்தான் வைப்பேன். கேமரா அதிக நேரம் ஓடும், வாடிக்கையாளருக்குத் திருப்தி. இந்த வண்டிக்கு எது என்று மனசில் ஒரு தயக்கம் வந்தது. டப்பாவோடு ஒரு தாள் இருந்தது. முழுக்க இங்கிலீஷ். அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொட்டகையை ஒட்டின ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் லாத்தாவின் கட்டில். மூக்கில் குழாயோடு உட்கார்ந்து என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மெஷின் கர்ர் என்று இழுத்துப் புஸ் என்று விடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"தம்பி, அந்தத் தாளை இங்கன கொண்டாங்க. வாசிச்சுச் சொல்லுதேன்" என்றார்.

பத்தாம் வகுப்பில் எனக்குப் போனதே இங்கிலீஷில்தான். ஒரு இங்கிலீஷ் டீச்சர் முன்னால் எனக்கு வாசிக்கத் தெரியாது என்று எப்படி ஒத்துக்கொள்வது? தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"வேண்டாம் லாத்தா. எல்லாம் தெரிஞ்ச வேலைதான்."

சுவிட்சைக் கீழ்க் குறியில் வைத்து மூடினேன். "நிறுத்தி வச்சா எத்தனை நாளு ஓடும் வே?" என்று பாய் கேட்டார். "நாலஞ்சு நாளு ஓடும் பாய்" என்றேன் பெருமையாக. ஓடத்தான் செய்தது.

பிறகு அந்த மழை. அது மழையா, வானத்தைக் கவிழ்த்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் இடைவெளியே இல்லை. அணைகள் நிறைந்து திறந்துவிட்டார்கள். பாலத்தை மூடிவிட்டார்கள். வாய்க்கால் உடைத்துக்கொண்டு மெயின் ரோடு ஆறாகிவிட்டது. எங்கள் தெரு கொஞ்சம் மேடு. தெருவின் இரண்டு முனையிலும் இடுப்பளவு தண்ணீர் ஓட, நடுவில் நாங்கள் தீவு மாதிரி இருந்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. கடையில் இருந்த பேட்டரிகளை எல்லாம் விளக்குக்கும் போன் சார்ஜுக்கும் ஒவ்வொரு வீட்டுக்காகக் கொடுத்தேன். அவையும் தீர்ந்தன.

மூன்றாம் நாள் காலை ஏழு மணி இருக்கும். பாய் நனைந்தபடி என் வாசலில் வந்து நின்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"வண்டி செத்துக் கெடக்கு வே. ரிமோட்டை அமுக்குதேன், கதவே தொறக்க மாட்டேங்கு."

இன்வெர்ட்டர் விடிகாலையில் நின்றுவிட்டது. லாத்தாவுக்கு அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் தண்ணீர் வடிந்தால்தான் வர முடியும் என்றார்கள். சிலிண்டர் இன்னும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் தாங்கும்.

என்ன நடந்திருக்கும் என்று அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. மழை தொடங்கும் முன்னாலிருந்தே வண்டியை எடுக்கவில்லை. ஐந்து நாளாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. தகரக் கொட்டகையில் அந்த ஆறு ஆடுகளும் மழைக்கு ஒதுங்கியிருக்கின்றன. அவை அசைய அசையக் கேமரா படம் பிடித்திருக்கிறது. நான் வைத்த கீழ்க் குறி வரைக்கும் அந்தச் சின்ன பேட்டரியை ஒட்ட உறிஞ்சியிருக்கிறது. அந்தச் சின்ன பேட்டரி எழுப்பினால்தான் பெரிய பேட்டரி எழுந்திருக்கும். வண்டியின் வயிற்றுக்குள் வீட்டை ஓட்டுகிற அளவு கரண்ட் இருக்கிறது. அதை எழுப்பத்தான் ஆள் இல்லை.

தெருவில் வேறு கார் கிடையாது. சவாரிக்குப் போன ஆட்டோக்கள் தண்ணீருக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டன. என் வீட்டில் இருந்தது என்னுடைய பழைய டூவீலர் ஒன்றுதான். அதன் பேட்டரி உள்ளங்கை அகலம். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சாவி ஒளிந்திருக்கும். அதை இழுத்துக் கதவைத் திறந்தேன். முதலில் கேமராவின் பியூஸைப் பிடுங்கினேன். பானட்டைத் திறந்து, சின்ன பேட்டரியோடு என் டூவீலர் பேட்டரியை வயர் போட்டு இணைத்தேன். பாய் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பட்டனை அமுக்கினார். திரை ஒரு நொடி கண் சிமிட்டியது. எங்கோ டக் டக் டக் என்று அடித்தது. திரும்ப இருட்டு.

ஜன்னலில் லாத்தா. சிலிண்டரில் காற்றின் அளவைத் தானே பாதியாகக் குறைத்து வைத்திருந்தார், இன்னும் கொஞ்ச நேரம் வரட்டும் என்று. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. பேச முடியவில்லை. என்னைப் பார்த்து, பைய, பைய என்பதுபோல் கையை மட்டும் அசைத்தார்.

ஆட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன பாய், என் ஆடு கேமராவுல விழுந்துச்சா?" என்று ஆரம்பித்தவர் எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். எப்போதும் கேட்கிற கர்ர், புஸ் கேட்கவில்லை என்பது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"என்ன வேணும் அண்ணாச்சி? சொல்லுங்க."

"டூவீலர் பேட்டரி. எத்தனை கெடைக்கோ அத்தனை" என்றேன்.

அந்த மனுஷன் மழையில் ஓடினார். பத்து நிமிஷத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தன் வண்டிப் பேட்டரியும் எதிர்வீட்டுப் பேட்டரியும் இரண்டு கையில் தொங்க வந்துவிட்டார். மூன்றையும் ஒரு பலகையில் வரிசையாக வைத்து, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துக் கட்டினேன். உடனே பட்டனை அமுக்கினால் மறுபடியும் அணைந்துவிடும். செத்த பேட்டரிக்குள் கொஞ்சமாவது ஊறட்டும் என்று இருபது நிமிஷம் விட வேண்டும். என் கடையில் நான் எத்தனையோ பேரை 'இருபது நிமிஷம் ஆகும், டீ குடிச்சிட்டு வாங்க' என்று அனுப்பியிருக்கிறேன். அது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சிலிண்டர் முள் சிவப்புக்குள் போயிருந்தது. வாயை மூடிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"பாய், இது என் தப்பு. அந்த டப்பாவுல குறியை எங்கன வைக்கணும்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொல்லிட்டேன்."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"இப்பச் சொல்லாதியும்" என்றார். "வண்டிக்கு உசுரு வரட்டும். பொறவு ரெண்டு பேரும் நிதானமா சண்டை போடுவோம்."

"அதுக்கு முன்னால என் கூட ஒரு சண்டை பாக்கி இருக்கு பாய், வரிசையில வாங்க" என்றார் ஆட்டுக்காரர். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மூச்சு விட முடிந்தது.

இருபது நிமிஷம் முடிந்தது. பாய் வாய்க்குள் பிஸ்மி சொல்லிப் பட்டனை அமுக்கினார்.

வண்டியின் அடியிலிருந்து 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். பெரிய கதவு ஒன்றின் தாழ்ப்பாள் விலகினது மாதிரி. திரை வெளிச்சமானது. அதில் எழுபத்தெட்டு என்று எண். நூற்றுக்கு எழுபத்தெட்டு. அவ்வளவும் உள்ளேதான் இருந்திருக்கிறது.

எஞ்சின் சத்தம் இல்லாததால் பாய்க்கு நம்பிக்கை வரவில்லை. "ஓடுதா வே? எப்படித் தெரியும்?"

வோல்ட் பார்க்கும் என் மீட்டரை எடுத்துச் சின்ன பேட்டரியில் வைத்தேன். பதினொன்றுக்குக் கீழே கிடந்த எண் மெதுவாக ஏறிப் பதினான்கைத் தொட்டது. பெரியது எழுந்து, தன்னை எழுப்பின சின்னதுக்குத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இருபத்தைந்து வருஷமாக அந்த மீட்டரில் எண்கள் பார்க்கிறேன். அன்றைக்குத்தான் ஒரு எண்ணைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பின் கதவைத் திறந்து, உறை பிரிக்காத அந்தப் பிளக்கை எடுத்தோம். சார்ஜ் போடும் இடத்தில் அதைச் சொருகி, என் கடை ரப்பர் வயரை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினேன். பாய் மெஷினை அதில் மாட்டினார். ஒரு 'பீப்'. அப்புறம் கர்ர். புஸ்.

அந்தச் சத்தத்தை என்னவென்று எழுதுவது? சுற்றிலும் ஆறு. அவ்வளவு பெரிய ஆறு, ஊரையே சுருட்டிக்கொண்டு ஓடுகிறது, அதன் இரைச்சல் தெரு முனையில் கேட்கிறது. கரண்ட் கம்பமெல்லாம் சும்மா நிற்கிறது. அதற்கு நடுவில், ஆடு மேய்க்கப் போகிற வண்டியிலிருந்து எடுத்த ஒரு பேட்டரியும், மளிகை வாங்கப் போகிற வண்டியிலிருந்து எடுத்த ஒன்றும், என்னுடையதும் சேர்ந்து, தொடவே பயந்த ஒரு பெரும் சக்தியைத் தட்டி எழுப்ப, அது சத்தமே இல்லாமல் வந்து ஒரு மனுஷியின் மூக்குக் குழாயில் காற்றாக நின்றது. நான் தகரக் கொட்டகையில் ஆட்டுப் புழுக்கை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து லாத்தா என்னை உள்ளே கூப்பிட்டார். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. நான் கட்டிலுக்குத் தள்ளியே நின்றேன்.

"அன்னைக்குத் தெரியும்னு சொன்னது பொய் லாத்தா. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி" என்றார். விட்டு விட்டுத்தான் பேசினார். "முப்பது வருசம் பிள்ளைகளப் பாத்தவ. தாளை மடிக்கிற கையப் பாத்தாலே யாருக்கு வாசிக்க வரலன்னு தெரிஞ்சிரும். இன்னொரு தடவை கேட்டிருக்கணும். உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "உங்க கூச்சமும் என் கூச்சமும் சேந்து, என் மூச்சுலயே கை வச்சிருச்சு பாத்தீங்களா?"

நான் அழுதேன் என்று எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுதேன்.

சாயங்காலமும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் எல்லார் போனுக்கும் சார்ஜ் போட்டார்கள். அப்போதும் திரையில் எழுபது இருந்தது. நான் போய்ப் போய் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன். இடையில் பாய், கேமராவில் இருந்ததைத் தன் போனில் போட்டுப் பார்த்தார். ஐந்து நாளும் ஆடு, ஆடு, ஆடு. ஓரிடத்தில் வெள்ளைக் கிடா ஒன்று பானட் மேல் நாலு காலோடு தெளிவாக நின்றது. ஆட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என் ஆடுதான் பாய்" என்றார். பாய் அதை அழித்துவிட்டார். எங்களுக்குள் போடுவதாகச் சொன்ன சண்டையை அவர் இன்று வரை போடவில்லை.

இப்போதெல்லாம் எலெக்ட்ரிக் வண்டிகள் என் கடைக்கு நிறைய வருகின்றன. ஒவ்வொரு முறை பானட்டைத் திறக்கும்போதும், பெரிய பெட்டிகளையும் ஆரஞ்சு வயர்களையும் விட்டுவிட்டு, மூலையில் இருக்கும் அந்தச் சின்ன பேட்டரியைத்தான் முதலில் பார்க்கிறேன். புரியாத தாள் வந்தால், வண்டிக்காரர் என்னைவிட எவ்வளவு சின்னவராக இருந்தாலும், "எனக்கு வாசிக்க வராது, கொஞ்சம் சொல்லுங்க" என்கிறேன். அதைச் சொல்லும்போது இன்னமும் காது சூடாகிறது. ஆனாலும், அந்த இருபது நிமிஷத்தில் லாத்தாவின் தோள் ஏறி இறங்கியதை நினைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

மெஷின் வண்டியில் ஓடின அந்த ராத்திரி கழிந்து, மறுநாள் பதினோரு மணிக்குக் கரண்ட் வந்தது. நாலாக மடித்திருந்த அந்தத் தாளை லாத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசித்துச் சொல்ல, சுவிட்சை மேல் குறிக்கு மாற்றினேன்.